நொச்சிமேல் போர்த்திய தாள்கள்

நொச்சிக்குப் பாவாடை குட்டையாகிவிட்டது என்பதை முதலில் கவனித்தவள் ரெஜினாதான். படக்காப்பகத்தில் பெட்டிகளைத் திறந்து, தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காகிதத்தை மாற்றி வைப்பது அவள் வேலை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சுக்கூடத் தாள்மேல் படாமல், எப்போதோ ஒரு கார்ட்டூன் அசைபடத்துக்காகக் கண்ணாடித்தாள்களில் தீட்டிய நொச்சி என்ற சிறுமியை ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வைப்பாள். முழங்காலுக்குக் கீழே இருந்த பாவாடைக் கரை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. சாயம் சுருங்கியிருக்கும் என்று நினைத்தாள். உற்றுப் பார்த்தால் பாவாடை சுருங்கவில்லை, ஆள்தான் உயர்ந்திருந்தாள்.

"சார், நொச்சி வளந்துட்டா" என்று காப்பாளர் அருள்தாசனிடம் போய்ச் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏசி எத்தனைல வச்சிருக்க?" என்று கேட்டார்.

ஏசி சரியாகத்தான் இருந்தது. ஈரப்பதம் காட்டும் கருவியும் சரியாகத்தான் இருந்தது. அருள்தாசன் வெளிநாட்டில் இதேபோல் அசல் படங்களைப் பாதுகாக்கும் ஓர் இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தங்களிடம் தாளில் வரைந்த ஒரு கரடி மட்டும் குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிடுவதாகவும், மற்றபடி யாரும் வளர்ந்ததில்லை என்றும் அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அதோடு விசாரணை முடிந்தது. வளர்கிற பிள்ளை வளரத்தானே செய்யும் என்று காப்பகம் இருந்த வடபழனிச் சந்தில் எல்லாரும் அதற்குப் பழகிப்போனார்கள். வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் பூங்காவனம் மட்டும், "சோறு தண்ணி இல்லாம எப்படிடீ வளருது?" என்று ரெஜினாவிடம் ஒருமுறை கேட்டாள். பிறகு அவளும் கேட்கவில்லை.

கோமளாவுக்கு அந்தச் செய்தி புதன்கிழமை தெரிந்தது. தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில், பாவாடை தாவணிப் பிரிவில், நாள் முழுக்க நின்றபடி துணியை விரித்து விரித்து மடிக்கும் வேலை அவளுக்கு. வார விடுமுறையான புதன்கிழமைகளில் பஸ் பிடித்து இந்தக் காப்பகத்துக்கு வந்துவிடுவாள். வீட்டில் கேட்டால் கோயிலுக்கு என்பாள். கோயிலுக்கு என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

அவள் வந்ததற்குக் காரணம், அந்தத் தாள்களில் ஓடியது அவள் ஓட்டம்.

அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவர்கள் வீட்டு மாடியில் அசைபடம் எடுக்கிறவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தங்கள் சந்தில் முதல் ஆளாகப் பறக்கும் அவளை, வரைகிறவரான துரைக்கண்ணு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் கீழே இறங்கி வந்து, "கண்ணு, இப்ப குடம் இல்லாம ஓடிக் காட்டு" என்றார். ஓடினாள். சின்ன கேமராவில் பிடித்தார்கள். மறுபடி ஓடச் சொன்னார்கள், மறுபடி ஓடினாள். அந்தக் கோடை விடுமுறை பூராவும் அவள் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினாள், ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்காக ஓடினாள், பிறகு பிஸ்கட் இல்லாமலும் ஓடினாள். அவள் ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் துரைக்கண்ணு நொச்சியை வரைந்தார். படம் வெளிவந்த வருடம் கோமளா பெரியவளானாள். வீட்டு மூலையில் ஓலைத் தடுப்பு கட்டி உட்கார வைத்தார்கள். தடுப்பைப் பிரித்து வெளியே விட்டபோது அவள் நடந்துதான் வந்தாள். அதற்குப் பிறகு மழை கொட்டினாலும், பள்ளிக்கூடத்தில் மகன் விழுந்து மண்டை உடைந்துவிட்டது என்று போன் வந்தாலும், கோமளா நடந்துதான் போனாள். ஓட வேண்டாம் என்று அவளை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. "என்னடி இது" என்று ஒருமுறை அம்மா சொன்னாள், அவ்வளவுதான்.

காப்பகத்தில் பார்வையாளர்கள் எதையும் தொடக்கூடாது. நீள மேசைக்கு இந்தப் பக்கம் கோமளா உட்காருவாள், அந்தப் பக்கம் ரெஜினா நிற்பாள். பழைய தாள்களிலிருந்து காடி புளித்ததுபோல் ஒரு வாடை எழும். ரெஜினா தாள்களின் ஓரத்தைக் கையுறை விரல்களால் பிடித்து, சீட்டுக்கட்டை விடுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக விடுவாள். நொச்சி ஓடுவாள். ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கிறது, காவலுக்கு இருந்த அப்பா காய்ச்சலில் கிடக்கிறார், மேட்டுக்குப் போங்கள், மேட்டுக்குப் போங்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல நொச்சி ஓடுவாள். வரப்பில் ஓடி, வாய்க்காலைத் தாண்டி, பின்னல் அவிழ்ந்து காற்றில் நிற்க, வாய் திறந்தபடி ஓடுவாள். மேசைக்கு அடியில் கோமளாவின் பாதங்கள் செருப்புக்குள் லேசாக அசையும்.

"வளந்துட்டாக்கா, பாத்தீங்களா?" என்றாள் ரெஜினா அந்தப் புதன்கிழமை.

கோமளா பார்த்தாள். கால் நீண்டதால் எடுத்துவைக்கும் எட்டும் நீண்டிருந்தது. முன்பு வாய்க்காலைத் தாண்டும்போது ஒரு பாதம் தண்ணீரில் படும், இப்போது படவில்லை. தனக்குக் கிடைக்காத வருடங்களில் நொச்சி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி விடு" என்றாள் கோமளா.

மழைக்காலம் முடியும்போது நொச்சி பெரியவளானாள். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ரெஜினா கதவைத் திறப்பதற்கு முன்பே பூங்காவனம் இட்லித் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் தெருப் பெண்களோடு வாசலில் நின்றாள். சடங்கு செய்யாமல் விட்டால் தெருவுக்கு ஆகாது என்றார்கள். தாய்மாமன் யார் என்று சின்ன சச்சரவு வந்து, படத்தை அந்தக் காலத்தில் விநியோகம் செய்தவரின் மகன் பட்டுத்துணியோடு வந்து நின்றதும் அது தீர்ந்தது. தாய் யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் கோமளாவைப் பார்த்தார்கள்.

"உன்னப் பாத்துத்தானே வரைஞ்சாங்க? அப்ப உன் வயித்துப் புள்ளதான்" என்றாள் பூங்காவனம்.

"உள்ள தண்ணி வரக்கூடாது, சாப்பாடு வரக்கூடாது, குத்துவிளக்கு கண்டிப்பா வரக்கூடாது" என்று அருள்தாசன் கைகூப்பினார். "அசல்ல கை வைக்கறது இங்க வழக்கமில்லை."

அதனால் நொச்சியின் நகல் ஒன்றை எடுத்து, சந்தில் போட்ட பந்தலில் நாற்காலியில் சாய்த்துவைத்து, மாலை போட்டு, சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்பி, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது செம்பிலேயே நகல் கரைந்து நாற்காலியில் வெறும் கூழ்தான் மிஞ்சியது. அசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே குளிர்ந்த அறையில், பெட்டிக்குள், நொச்சி ஓடிக்கொண்டிருந்தாள்.

அதுதான் பிரச்சினையாகிவிட்டது. குட்டையான பாவாடையோடு பெரிய பெண் ஓடுகிறாள் என்று பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்து வருவதை நிறுத்தின. பார்க்க வந்த வாலிபர்கள் சிலர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஸ்லோவா விடுங்க" என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அந்த வாலிபர்களை உள்ளே விடாமல் இருக்கலாம் என்று ரெஜினா சொன்னது யார் காதிலும் விழவில்லை. காப்பகத்தின் அறங்காவலர்கள் கூடிப் பேசி, ஒன்று நொச்சியை அடக்கமாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டியை யாருக்கும் திறக்காமல் குளிரறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தாயின் சம்மதம் இல்லாமல் செய்வது நன்றாயிருக்காது என்று கோமளாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அருள்தாசன் அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். தெருவின் சார்பில் பூங்காவனமும் உட்கார்ந்திருந்தாள்.

"அசல் மேல ஒரு பொட்டு சாயம் படாதும்மா, அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அருள்தாசன். "அசைபடத்துல எல்லாமே அடுக்குதானே. அடியில காட்சி, அதுமேல ஆளு, ஆளுக்கு முன்னால ஒரு மரமோ தூணோ நிக்கணும்னா அதுக்கு மேல ஒரு தாளு. அந்த மாதிரி, ஒரு கண்ணாடித்தாள்ல தாவணி மட்டும் வரைஞ்சு மேல வைக்கப் போறோம். வேணாம்னா எடுத்துடலாம்."

"அவ பாட்டுக்கு ஓடட்டுமே சார்" என்றாள் கோமளா.

"ஏம்மா கோமளா" என்றாள் பூங்காவனம், கொஞ்சமும் கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரி தலைவலிக்குக் கைமருந்து சொல்வதுபோல. "உன்ன ஓட உட்டாங்களா? என்ன ஓட உட்டாங்களா? நாம என்ன கெட்டா பூட்டோம்? வேலைக்குப் போற, சம்பாதிக்கற, புள்ளய படிக்க வைக்கற. ஓடாததால உனக்கு எது கொறஞ்சுபோச்சு, சொல்லு பாப்போம்."

கோமளா யோசித்தாள். குறைந்த பொருளுக்கு ஒரு பெயர் இருந்தால்தானே எடுத்துக் காட்ட முடியும்.

"பூட்டி வச்சுட்டா உங்களாலயும் பாக்க முடியாதும்மா" என்றார் அருள்தாசன் மெதுவாக. "எனக்கு அதான் வருத்தம்."

புதன்கிழமைகள் அவள் கண்முன் வந்தன. அந்த மேசை, அந்தக் காடி வாடை, சீட்டுக்கட்டுபோல் விழும் தாள்கள். பார்க்கவே முடியாமல் போவதைவிடத் தாவணியோடு பார்ப்பது மேல் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஓடுகிறவள் தாவணியோடும் ஓடுவாள் என்று சொல்லிக்கொண்டாள்.

அருள்தாசன் மாதிரிக்காகச் சில நிறங்களைத் தீட்டி வைத்திருந்தார். அவற்றில் கிளிப்பச்சையை அவர் விரல் தொட்டதும் கோமளாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "மஞ்சப் பாவாடைக்குக் கிளிப்பச்சை எடுக்காது சார். அரக்கு போடுங்க. அரக்குதான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. அழுக்கும் தெரியாது." சொல்லி முடித்த பிறகுதான், தான் சம்மதம் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. பூங்காவனம் அவள் முழங்கையைத் தொட்டு, "பெத்தவன்னா இப்டித்தான் இருக்கணும்" என்றாள்.

தாவணி நன்றாகத்தான் வந்தது. ஆனால் நொச்சி வளர்வதை நிறுத்தவில்லை, ஓடுவதையும் நிறுத்தவில்லை. இரவோடு இரவாக ஒரு மயிரிழை முன்னே போய்விடுவாள், காலையில் பார்த்தால் தாவணி அவளுக்குப் பின்னால் ஆளில்லாமல் காற்றில் தொங்கும். மறுபடி வரைந்தார்கள். மறுபடி அவள் முந்திப்போனாள். இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவளுக்கு முன்னால் ஒரு வேலி வரைந்து வைத்தார்கள், அழகான வேலி, பூவரசம்பூ பூத்திருந்தது. வேலிக்கு மேல் அவள் தலை எழும்பி எழும்பித் தெரிந்தது, எட்டிப் பார்க்கிறாள் என்றார்கள். வேலிக்குப் பதில் சுவர் வைத்தார்கள். சுவரே தெரிகிறது, மனசுக்கு ஒருமாதிரி இருக்கிறது என்று அறங்காவலர் ஒருவரின் மனைவி சொன்னதால் சுவரில் ஒரு கதவு வரைந்தார்கள். கதவில் பித்தளைக் குமிழ்களெல்லாம் வைத்து, மேலே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தாளை வைக்கும்போதும் அருள்தாசன் குனிந்து அசலைச் சரிபார்த்து, ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்லி நிமிர்ந்தார். அவர் சொன்னது உண்மை.

புதன்கிழமைகளில் ரெஜினா தாள்களை விட்டுக் காட்டினாள். கதவு தெரிந்தது, கதவு தெரிந்தது, கதவு தெரிந்தது.

"சத்தம் கேக்குதா?" என்று கோமளா ஒருமுறை கேட்டாள்.

"முன்னெல்லாம் பெட்டியத் தூக்கறப்ப லேசா அதிரும்க்கா" என்றாள் ரெஜினா. "இப்ப இல்ல."

பங்குனியில் காப்பகத்தின் ஆண்டுவிழா. சந்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். தெருவே பாய் போட்டு உட்கார்ந்திருந்தது, தாய் என்பதால் கோமளாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. திரையில் ஏரி தளும்பியது. கரையில் விரிசல் விட்டது. அப்பா காய்ச்சலில் கிடந்தார். நொச்சி வெளியே பாய்ந்து ஓடும் இடம் வந்தது, அங்கே மூடிய கதவு ஒன்று தெரிந்தது. இசை மட்டும் அவள் ஓட்டத்துக்கு அமைத்த தாளத்திலேயே போய்க்கொண்டிருந்தது. கதவு அசையவில்லை. தாளில் இல்லாதது திரையில் எங்கிருந்து வரும்? பிறகு கரை உடைந்தது. முதல் ஊரில் ஒருத்தி மாவாட்டிக்கொண்டிருந்தாள், தண்ணீர் அவளை ஆட்டுக்கல்லோடு கொண்டுபோனது. அடுத்த ஊரில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஊரில் கல்யாணம். முன்பு இதே படத்தில் எல்லாரும் மேட்டில் நின்று ஊரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது மேட்டில் ஒரு நாய் மட்டும் நின்றது.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "அந்த ஊருக்கு அவ்ளோதான் எழுதியிருக்கு" என்றாள் பூங்காவனம். பின்னாலிருந்த யாரோ, "பாவந்தான், ஆனா பொண்ணு பத்திரமா வீட்ல இருக்கால்ல, அது போதும்" என்றார்கள். எல்லாருக்கும் அது ஆறுதலாக இருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

கோமளா கலையவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நேராக அருள்தாசனிடம் போய், "மேல இருக்கற தாளையெல்லாம் எடுங்க" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"இப்பவாம்மா?"

"வேணாம்னா எடுத்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு வேணாம். எடுங்க."

அவர் மறுக்கவில்லை. அவர் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை, அவர் வழியே அதுதான். ரெஜினா குழல்விளக்குகளை எரியவிட்டு, கையுறை மாட்டி, பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்தாள். கதவை எடுத்தாள். சுவரை எடுத்தாள். அரக்குத் தாவணியைக் கடைசியாக எடுத்துத் தனியே வைத்தாள்.

நொச்சி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கைகளால் கட்டிக்கொண்டு, முகத்தைத் தரைப்பக்கம் திருப்பி, பின்னலை இறுக்கமாகப் போட்டு, உட்கார்ந்திருந்தாள். அடுத்த தாளிலும் உட்கார்ந்திருந்தாள். வரப்பு இருந்த தாளில், வாய்க்கால் இருந்த தாளில், ஊர் எல்லை இருந்த தாளில், எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். குட்டையாகிவிட்ட பாவாடையை இழுத்து இழுத்து எப்படியோ பாதம்வரை மூடியிருந்தாள்.

"விடு" என்றாள் கோமளா.

ரெஜினா தாள்களை விட்டாள். எதுவும் நகரவில்லை.

"வேகமா விடு ரெஜினா."

ரெஜினா வேகமாக விட்டாள். கோமளாவின் முகத்தில் காற்று அடித்தது. நொச்சியின் கண் இமைகூட அசையவில்லை. "கண்ணு, ஓடு" என்றாள் கோமளா மேசையின்மேல் குனிந்து. "கதவு இல்ல. பாரு, எடுத்தாச்சு. ஓடு." ரெஜினா இன்னொரு முறை விட்டாள், பிறகு அவள் விரல்கள் தாமாகவே நின்றுவிட்டன. கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அருள்தாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "சாயம் உரியலை. ஓரம் சுருளலை. அருமையா இருக்கு" என்றார். பிறகு கணக்குப் போடுவதுபோல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே படமா ஆயிடுச்சே, இத்தனை எதுக்கு வச்சிருக்கணும்? ஒண்ணு வச்சுக்கிட்டாப் போதும், ரேக்குல இடம் மிச்சம்" என்றார்.

அறங்காவலர்களுக்கும் அது சரியாகப் பட்டது. நொச்சி ஒருத்தி குளிரறையில் தங்கினாள், மற்ற நொச்சிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்கள் வாங்கிப்போய் வகுப்பறைகளில் மாட்டின. பூங்காவனம் இட்லிக்கடையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். ஆவியில் தாள் மங்கும்போதெல்லாம் முந்தானையால் துடைத்தாள். முதல் தாளைக் கோமளாவுக்கு என்று எடுத்துவைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாள். ரெஜினா இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டியபோது, பார்வையாளர்கள் தொடக்கூடாத அந்தத் தாளை, கையுறை இல்லாத கைகளால் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. மடியில் வைத்தால் மடங்கிவிடும் என்று தாளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடியில் காட்சித்தாள் எதுவும் இல்லாததால் நொச்சியைச் சுற்றி வெளியே இருப்பதெல்லாம் தெரிந்தது. பஸ் நகர்ந்ததும் விளக்குக் கம்பங்கள் ஓடின, கடைகள் ஓடின, சுவரொட்டிகள் ஓடின, டியூஷன் விட்டுப் போகும் பிள்ளைகள் பின்பக்கமாக ஓடினார்கள். பஸ் வேகமெடுக்க வேகமெடுக்க ஊரே அவளைத் தாண்டித் தலைதெறிக்க ஓடியது. நடுவில் நொச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒங்க பொண்ணாம்மா?"

"ஆமா" என்றாள் கோமளா.

"எவ்ளோ அடக்கமா ஒக்காந்திருக்கா. நல்லா வளத்திருக்கீங்க."

சிக்னலில் பஸ் நின்றது. நொச்சிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மரமும் சுவரும் மனிதர்களும் நின்றார்கள். படம் இப்போது பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது.